ஆமாம், இல்லை, பதில் சொல்ல மறுத்தார்

"நீங்க எனக்கு வேலை தேடவே இல்ல ஆன்ட்டி. உங்க வீட்டு வேலைக்குத்தான் ஆள் தேடியிருக்கீங்க."

இதை அப்படியே சொன்னாள். ஒரு எழுத்துக்கூட நான் கூட்டவில்லை. இதே ஹாலில், நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே அந்த சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தரை துடைக்கிற துணியை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னாள். பத்தொன்பது வயசுப் பெண். "என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு" என்றேன். பயந்துவிடுவாள் என்று நினைத்துத்தான் கேட்டேன். இன்னொரு தடவையும் சொன்னாள். அதே வார்த்தைகள், நிறுத்தி, நிதானமாக, என் கண்ணைப் பார்த்து. அப்படி நிறுத்தி நிதானமாக, கண்ணைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுத்தது யார்? நான். பிளஸ் டூ முடித்துவிட்டு இந்த வீட்டுப் படியேறி வந்த அன்றைக்கு அவள் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

இப்போது நீங்கள் வந்து உட்கார்ந்துகொண்டு அதையேதான் கேட்கிறீர்கள். கொஞ்சம் மரியாதையாக, போனைப் பார்த்துப் படித்து. "இலக்கியா என்பவர் உங்கள் வீட்டில் பதினான்கு மாதம் வீட்டு வேலை செய்தாரா?" என்ன கேள்வி இது? உட்காருங்கள், உட்காருங்கள், எழுந்திருக்க வேண்டாம். கோபம் உங்கள் மேல் இல்லை. ஜெசிந்தாதானே உங்கள் பேர்? கழுத்தில் தொங்குகிற அட்டையில் பார்த்தேன். அந்த ஹெல்மெட்டை மட்டும் டீப்பாய் மேல் வைக்காதீர்கள், கீறல் விழும். கீழே வையுங்கள். காபி எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கம்மியாகத்தான் போட்டிருக்கிறேன், இந்த வயசிலேயே உங்களுக்குக் கழுத்தெல்லாம் கறுத்திருக்கிறது, பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் புரிந்துகொண்டது சரியா என்று சொல்லுங்கள். சென்னையில் ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பெனி. அதில் இலக்கியாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து க்ளெய்ம் பேப்பர்களைச் சரிபார்க்கிற வேலை. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். பிளஸ் டூவுக்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேலே எங்கே இருந்தாய், என்ன செய்தாய் என்று கம்பெனி கேட்டிருக்கிறது. அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது உண்மையா என்று வீட்டுக்கு வீடு போய் விசாரித்து எழுதுவது உங்கள் வேலை. இன்றைக்கு ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். நான் 'ஆமாம்' என்றால் அவள் வேலையில் சேர்வாள். 'இல்லை' என்றால் பொய் எழுதினவள் என்று ஆர்டரை நிறுத்திவிடுவார்கள். 'பதில் சொல்ல மறுத்தார்' என்று மூன்றாவதாக ஒரு பெட்டி இருக்கிறது, அதுவும் 'இல்லை'க்குச் சமம்தான். அவ்வளவுதானே? அந்த மூன்றைத் தவிர வேறு பெட்டியே இல்லையா? இத்தனை பெரிய கம்பெனி, நாலாவதாக ஒரு பெட்டி போட முடியவில்லையா?

எங்கே, அவள் எழுதியதை இன்னொரு தடவை காட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். 'வேலை: வீட்டு வேலை. பெருக்குதல், துடைத்தல், சமையலுக்கு உதவி, படுக்கையில் இருந்த முதியவரைப் பராமரித்தல். முதலாளி: திருமதி ஹேமா வரதராஜன், வயலூர் ரோடு, திருச்சி.' முதலாளி! சம்பளம் என்கிற இடத்தில் ஒரு கோடு. பாருங்கள், எவ்வளவு நேராகக் கோடு போட்டிருக்கிறாள்.

நான் யாருக்கும் முதலாளி இல்லை அம்மா. நான் அவளுக்கு டீச்சர்.

முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்குப் புரியும். எங்கள் பேட்ச் கான்வென்ட்டை விட்டு வெளியே வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது என்று எல்லோரும் கூடினோம். பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு. ஒருத்தி வாட்டர் கூலர் என்றாள். ஒருத்தி மேடைக்கு வெல்வெட் திரை என்றாள். நான்தான் எழுந்து கேட்டேன்: நம் பிள்ளைகளுக்கு நாம் எல்லாம் சொல்லிக் கொடுத்தோம், யாரைப் பார்க்க வேண்டும், எப்படி உட்கார வேண்டும், என்ன சட்டை போட வேண்டும். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு, மேலே படிக்கவும் வழியில்லாமல், வேலைக்கு யாரைப் போய்க் கேட்பது என்றும் தெரியாமல் வீட்டில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறதே ஒரு கூட்டம், அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? ஆளுக்கொரு பெண்ணை எடுத்துக்கொள்வோம், மூன்று மாதம் பழக்குவோம், ஒரு வேலையில் உட்கார வைத்துவிட்டு வருவோம். எல்லோரும் கை தட்டினார்கள். 'கைப்பிடி' என்று பேர் வைத்ததும் நான்தான்.

மூன்று மாதம் என்றுதான் சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் யாரை உருவாக்க முடியும்? எங்கள் பேட்ச் மார்கரெட் ஒரு பெண்ணை எடுத்து நாற்பதே நாளில் ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் உட்கார வைத்தாள். அதைப் பெரிதாக வாட்ஸ்அப்பில் போட்டாள். போன மாதம் நான் அங்கே ஸ்கேனுக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் இன்னமும் "அப்படி ஓரமா உக்காருங்கம்மா, டாக்டர் சாப்புட்டுட்டு இருக்காரு" என்றுதான் பேசுகிறது. டாக்டர் சாப்பிடுவதை ஊருக்குச் சொல்லலாமா? இதுதான் நாற்பது நாள் பயிற்சி.

இலக்கியா அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த குற்றம்.

அவளை அவள் அம்மாதான் கூட்டிக்கொண்டு வந்தாள். செல்வராணி என்று பேர், உறையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கூட உதவியாளர். வந்து செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். "ஐநூத்தி முப்பத்தெட்டு மார்க்கும்மா. காலேஜுக்கு அனுப்ப முடியல. ஏதாவது ஒரு வழி காட்டிவிட்டீங்கன்னா போதும்" என்றாள். பெண் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஒல்லி. ஆனால் கண் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. புத்தக அலமாரியை, ஃபேனை, என் வாயை, எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் தேறுவாள் என்று.

முதல் பதினைந்து நாள் சுத்தமான வகுப்பு. அந்த டைனிங் டேபிளில்தான். எழுதுவது, படிப்பது, இன்டர்வியூவில் எப்படி உட்காருவது, யாராவது தண்ணீர் கொடுத்தால் எப்படி வாங்குவது. கான்வென்ட்டில் எங்கள் மதர் எமரென்சியா எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கனகா சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். அதே வாரம் என் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துபோனது. இது வேறு விஷயம். இதையும் அதையும் நீங்கள் முடிச்சுப் போட வேண்டாம். எழுதாதீர்கள், சும்மா சொல்கிறேன்.

நான் கேட்கவே இல்லை. கனகா வராத முதல் நாள் இலக்கியா தானாகத்தான் தொட்டியில் கிடந்த பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க உக்காருங்க ஆன்ட்டி, நான் கழுவிடறேன்" என்றாள். இரண்டாம் நாளும் நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டேன், அதற்குள் பழகிவிட்டது இல்லையா.

அதற்காக வகுப்பை நிறுத்தினேனா? இல்லை. ஆபீஸ் என்றால் ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்க வேண்டும். ஒரு கை எழுதும், ஒரு காது போனில் இருக்கும். நான் சோபாவில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேப்பரில் ஒரு வாக்கியம் படிப்பேன். அவள் கீழே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே திருப்பிச் சொல்லுவாள். ஒரு வார்த்தை தப்பினால் திரும்பவும் முதலிலிருந்து. எந்த இன்ஸ்டிட்யூட்டில் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? மாமியாரைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது, பெட்பேன் வைப்பது, இதெல்லாமும் ஒரு பழக்கம்தானே. நாளைக்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தால் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டாமா? முதல் நாள் குமட்டிக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போய்ச் சொன்னேன், "இலக்கியா, ப்ரொஃபஷனலா இருக்கணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்புறம் ஒரு நாளும் ஓடவில்லை. மாமியார் நடக்க ஆரம்பித்த பிறகும்கூட, "அந்தப் பொண்ணு வந்தாத்தான் எழுந்திருப்பேன்" என்று காலை ஒன்பதரை வரை படுத்தே இருப்பார். நான் போய் எழுப்பினால் வர மாட்டார். இப்போது மைத்துனர் வீட்டில் இருக்கிறார், அங்கேயும் போன் போட்டு "இலக்கியா எங்கே" என்றுதான் கேட்கிறார்.

என்ன பார்க்கிறீர்கள்? மணியா? நாலுகூட ஆகவில்லை. சொல்லி முடித்துவிடுகிறேன்.

பயோடேட்டா நானே டைப் செய்து பத்துப் பன்னிரண்டு இடத்துக்கு அனுப்பினேன். அவளிடம் இருந்த போன் அவள் அப்பாவும் அவளும் தம்பியும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிற போன். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், யாராவது கூப்பிட்டால் "எவன்யா அது" என்றுதான் எடுப்பார். அதைக் கொடுக்க முடியுமா? என் நம்பரைத்தான் கொடுத்தேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

கூப்பிட்டார்கள். கூப்பிடவில்லை என்று நான் சொல்லவில்லை. முதலில் ஒரு ஜவுளிக்கடை, பில் போட ஆள் வேண்டுமாம். தீபாவளி நேரத்தில் சாப்பிடக்கூட விடாமல் நிற்க வைப்பார்கள், காலெல்லாம் நரம்பு சுருண்டுபோகும். இரண்டு மாதம் போகட்டும் என்றேன். அடுத்தது ஒரு பல் ஆஸ்பத்திரி. அப்போது அவளுக்கு இங்கிலீஷில் இறந்த காலமும் நிகழ் காலமும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தது. அப்படியே அனுப்பி, "யாரிடம் படித்தாய்" என்று கேட்டால் என் பேரைச் சொல்லுவாள் இல்லையா? இன்னும் தயாராகவில்லை என்றேன். மூன்றாவது இந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி. சென்னை, ஹாஸ்டல், ஷிஃப்ட். அந்தப் பெண்ணுக்கு விருப்பமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவளிடம் சொல்லவில்லைதான். சொன்னால் மனசு அலையும். அலைகிற மனசில் பாடம் ஏறாது.

இதில் எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது? எனக்கும் ஒரு ஆர்டர் வந்தது, தெரியுமா உங்களுக்கு? தொண்ணூற்று மூன்றில். பேங்க் கிளார்க். நானே பரீட்சை எழுதி, நானே பாஸ் பண்ணி வாங்கினது. கல்யாணமாகி நாலாவது மாதம். கவரை வாங்கினது மாமனார். 'மருமகளுக்கு விருப்பமில்லை' என்று அவரே அழகான கையெழுத்தில் பதில் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்தது ஆறு மாதம் கழித்து, பீரோவில் ரசீதைப் பார்த்தபோது. நான் எதிர்த்துப் பேசினேனா? துணியை அவர் கையில் திணித்தேனா? அன்றைக்கும் ரசம் வைத்துத்தான் பரிமாறினேன். பொறுமை என்று ஒன்று அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சரி விடுங்கள். அதை எதற்கு இப்போது.

செல்வராணி பொங்கலுக்கு வந்தாள். கரும்பு ஒரு கட்டு. "இலக்கியா எப்பம்மா வேலைக்குப் போவா? கூடப் படிச்ச புள்ளைங்கல்லாம் போயிடுச்சுங்க" என்றாள்.

"அவங்கள்லாம் எங்க போயிருக்காங்க? பஸ் ஸ்டாண்டுல செல்போன் கவர் விக்கிறதுக்கா?"

"எதுவோ ஒண்ணும்மா. காலைல கிளம்பிப் போகுதுங்க, சாயங்காலம் வருதுங்க."

"உங்க பொண்ணும் காலைல கிளம்பி வந்து சாயங்காலம்தானே போறா?" என்று கேட்டேன். இலக்கியா உள்ளே சமையலறையில் இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் இதெல்லாம் கேட்டிருக்காது.

அப்புறம் அந்த நாள். போன் எடுத்துப் பேசுவதையும் நான்தான் பழக்கினேன், அந்த மூன்று இடமும் கூப்பிட்டு முடிந்த பிறகு. இந்த வீட்டுக்கு எந்தக் கால் வந்தாலும் அவள்தான் எடுக்க வேண்டும், பேர் கேட்க வேண்டும், விஷயம் கேட்டுக் குறிப்பு எழுத வேண்டும். காஸ் சிலிண்டர்காரனிடம்கூட இங்கிலீஷில் பேசி அவன் பயந்துபோய் அன்றைக்கே சிலிண்டரைக் கொண்டுவந்து போட்டான். அன்றைக்கு நான் பூஜையில் இருந்தேன். போன் ஹாலில். அவள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். எடுத்தாள். "குட் மார்னிங், மே ஐ நோ ஹூ ஈஸ் காலிங், ப்ளீஸ்?" என்றாள். கையில் ஈரத் துணி, ஆனால் குரலில் அது தெரியவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பக்கம் என்னவோ கேட்டிருக்கிறார்கள். அப்புறம், "நோ, ஐ வாஸ் நாட் இன்ஃபார்ம்ட்" என்றாள். அப்புறம், "இலக்கியா ஸ்பீக்கிங்" என்றாள்.

அதே இன்ஷூரன்ஸ் கம்பெனி. மறுபடியும் ஆள் எடுக்கிறார்களாம். ஒரு ஆறேழு நிமிஷம் பேசியிருப்பாள். அதுதான் அவளுடைய முதல் இன்டர்வியூ. நான் பூஜை அறைக் கதவோரம் நின்று கேட்டேன். ஒரு தப்பு இல்லை. ஒரு இடத்தில்கூட இறந்த காலம் இடிக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில், கூடுதலாக ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. மதர் எமரென்சியா இருந்திருந்தால் அவளைக் கட்டிப்பிடித்திருப்பார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எத்தனை கால் வந்துச்சு ஆன்ட்டி?"

"எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"எத்தனைன்னு சொல்லுங்க."

"மூணு. மூணுமே உனக்கு லாயக்கில்லாத இடம்."

"யாருக்கு?"

"என்னடி யாருக்கு? இவ்வளவு நாள் உனக்காக நான்..."

அப்போதுதான் துணியை என் கையில் வைத்தாள். அப்போதுதான் நான் முதலில் சொன்னேனே, அந்த வார்த்தையைச் சொன்னாள். என் வாயில் என்னவோ வந்துவிட்டது. "போ, போ. எங்க சுத்தினாலும் கடைசியில உங்கம்மா மாதிரி சத்துணவுக்கூடத்துல கரண்டி பிடிக்கத்தான் போறே" என்றேன். சொல்லியிருக்கக்கூடாதுதான். கோபத்தில் யார் என்ன சொல்லாமல் இருக்கிறார்கள்?

அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்கம்மா தினமும் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் கரண்டியத் தொடும் ஆன்ட்டி" என்றாள். போய்விட்டாள். நான் ஈரத் துணியோடு நின்றேன். பாதி ஹால் துடைத்திருந்தது, பாதி துடைக்கவில்லை.

இதற்கு என்ன பேர் சொல்லுவீர்கள்? நன்றி என்று ஒன்று வேண்டாமா? சரி, கோபம், போனாள். போன பிறகாவது யோசித்திருக்கலாம். 'பயிற்சி' என்று எழுதியிருக்கலாம் இல்லையா? 'திருமதி ஹேமா வரதராஜனிடம் அலுவலகப் பயிற்சி, பதினான்கு மாதம்.' இரண்டு கையாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். சர்டிஃபிகேட்கூட டைப் அடித்து லேமினேட் செய்து வைத்திருக்கிறேன், காட்டட்டுமா? அந்த டிராயரில்தான் இருக்கிறது. வாங்கிக்கொள்ள அவள் வரவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதும் இல்லை, இப்போது அவளுக்கென்று சொந்தமாக ஒரு போன் வந்துவிட்டது.

நீங்கள் அதை 'பயிற்சி' என்று மாற்றிக்கொள்ள முடியாதா? ஒரே ஒரு சொல். முடியாதா. அவள் எழுதியது அப்படியே இருக்க வேண்டும், அதற்கு நான் 'ஆமாம்' இல்லாவிட்டால் 'இல்லை' சொல்ல வேண்டும். திரையில் விரலால் கையெழுத்துப் போட வேண்டும். ஆதார் நம்பர் வேறு. அது எங்கெங்கே போகும்? எத்தனை வருஷம் இருக்கும்? அடுத்த மாதம் எங்கள் பேட்ச் கூட்டத்தில் ஒரு மலர் வெளியிடுகிறார்கள். அதில் நானும் அவளும் டைனிங் டேபிளில் உட்கார்ந்திருக்கிற போட்டோ, முழுப் பக்கம். 'கைப்பிடித்துக் கரை சேர்த்தவர்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அச்சுக்குப் போயாகிவிட்டது. இந்தப் பக்கம் அந்த மலர், அந்தப் பக்கம் நான் கையெழுத்துப் போட்ட இந்த 'ஆமாம்'. என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் அவளைப் பார்த்தீர்களா? நேரில்? ஓ, போனில் பேசினீர்களா. ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்கவில்லையா? வேறு எதையாவது எழுதியிருக்கலாமே, வீட்டில் சும்மா இருந்தேன் என்று எழுதியிருந்தால்கூட ஒருத்தரும் என்னைத் தேடி வந்திருக்க மாட்டார்களே. கேட்டீர்களா? என்ன சொன்னாள்?

சொல்லுங்கள், பரவாயில்லை.

"நான் சும்மா இல்லையே" என்றாளா. ம். வேறு?

"ஆன்ட்டி என்ன வேணா பேசுவாங்க, ஆனா பொய் சொல்ல மாட்டாங்க"?

அப்படியா சொன்னாள். என்னைப் பற்றியா.

காபியைக் குடியுங்கள். ஆடை கட்டிவிட்டது, வேறு போட்டுக் கொண்டுவரட்டுமா? வேண்டாமா. எழுந்துவிட்டீர்களா? நாலேமுக்கால் ஆகிவிட்டதா. இருங்கள், ஒரு நிமிஷம் இருங்கள். அந்த மூன்றாவது பெட்டியைத் தொடாதீர்கள். நான் மறுக்கவில்லை. இவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன், இதற்குப் பேர் மறுப்பதா?

அவளுக்கு அந்த வேலை கிடைக்கக்கூடாது என்று நான் நினைக்கவில்லை அம்மா. அதை மட்டும் நம்புங்கள். அவள் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் முதுகு நேராக இருக்கும், அது நான் நிமிர்த்திய முதுகு. ஆனால் என் கையால், என் வாயால், நான் அவளை வீட்டு வேலைக்கு வைத்திருந்தேன் என்று சொல்லச் சொன்னால்... நீங்களும் குடும்பம் நடத்துகிறவர்தானே.

இப்படி வாசலுக்கு வாருங்கள். மெதுவாகப் பேசுங்கள். எதிர் ஃபிளாட் கதவு தெரிகிறது இல்லையா, அதில் ஜீனத் என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் கதவைத் திறந்தால் எங்கள் ஹால் முழுவதும் தெரியும். இலக்கியா தரை துடைத்ததை எல்லா நாளும் பார்த்திருக்கிறாள். மாமியாரின் துணிகளை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறாள், படியில் ஒரு தடவை வழிவிட்டு நின்றாள். என்னிடமே கேட்டிருக்கிறாள், "உங்க வீட்டுல வேலை செய்யிற பொண்ணு ரொம்ப நல்லாப் பண்ணுதே அக்கா, அதே மாதிரி எனக்கும் ஒரு ஆள் பார்த்துக் குடுங்களேன்" என்று.

நான் சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

அவளைக் கேளுங்கள். அவள் 'ஆமாம்' என்றுதான் சொல்லுவாள், கையெழுத்தும் போடுவாள், யோசிக்க மாட்டாள். என் வீடு பூட்டியிருந்தது என்று எழுதிவிடுங்கள். உங்கள் வேலையில் அப்படி நடக்கும்தானே, வீடு பூட்டியிருந்தது, பக்கத்து வீட்டில் விசாரித்தோம் என்று? வேண்டுமானால் நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன், நீங்கள் பூட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்பூட்டு இதோ இருக்கிறது, நீங்களே பூட்டிக்கொள்ளுங்கள், போகும்போது சாவியை ஜீனத்திடம் கொடுத்துவிடுங்கள். அவள் அந்தப் பக்கம் 'ஆமாம்' போடட்டும். நான் இந்தப் பக்கம் உள்ளே இருக்கிறேன், சத்தம் போட மாட்டேன்.

எழுதிக்கொள்கிறீர்களா? ஜெசிந்தா? இந்தாருங்கள் பூட்டு.

வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா.